ஜெர்மனியில் முதல் செமஸ்டர்: அக்டோபர் 1-க்கே போக வேண்டுமா, வகுப்பு தொடங்கும்போது போனால் போதாதா?

கேள்வி | செப்டம்பர் 14, 2025

போஹும் ரூர் பல்கலையில் முதுகலை கிடைத்திருக்கிறது, விசாவும் வந்துவிட்டது. செமஸ்டர் அக்டோபர் 1 தொடக்கம் என்று கடிதத்தில் இருக்கிறது. ஆனால் வகுப்பு 13-ஆம் தேதிதான் என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாடியே போய் சும்மா உட்கார்ந்து யூரோவைக் கரைப்பதைவிட, 11 அல்லது 12-ஆம் தேதி இறங்கி, பதிவு, பேங்க், இன்ஷூரன்ஸ், சிம் எல்லாவற்றையும் முதல் வாரத்தில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். "சீக்கிரம் போனால் நல்லது தம்பி" என்ற பதில் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

செப்டம்பர் 14, இரவு

காரணத்தோடு மறுக்கிறேன். நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள்: அக்டோபர் 11 சனி, 12 ஞாயிறு. விடுதிச் சாவி ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர், கையில் இருக்கும். அவர் வாரநாளில், அதுவும் அறிவிப்பில் போட்டிருக்கும் ஓரிரு மணி நேரம்தான் இருப்பார். சனிக்கிழமை மாலை இரண்டு பெட்டியோடு கதவுக்கு முன்னால் நிற்பீர்கள், உள்ளே உங்களுக்கென்று ஒரு ரூம் காலியாகக் கிடக்கும். திங்கள் காலை வரை பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் காசு கட்டித் தங்கி, 13-ஆம் தேதி சாவி வாங்கப் போவதா வகுப்புக்குப் போவதா என்று யோசிப்பீர்கள்.

விடுதி வாடகை ஒப்பந்தம் அக்டோபர் 1 புதன்கிழமை தொடங்கினால் அன்றைக்குப் பகலிலேயே இறங்குங்கள். மீதி நாளை.

செப்டம்பர் 15

"ஒரே மூச்சில்" என்ற இடத்துக்கு வருகிறேன். நான் இங்கே மூன்றாவது செமஸ்டர். போன வருடமும் இந்த வருடமும் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இங்கே பாதி வேலை தபாலில் நடக்கிறது. நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் கடிதம் வருகிற நாளில்தான் வரும். உங்கள் கையில் இருப்பது அந்தச் சங்கிலியை எவ்வளவு சீக்கிரம் தொடங்கி வைக்கிறீர்கள் என்பது மட்டும்.

சங்கிலியின் முதல் கண்ணி முகவரி. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும்: "இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்" என்று. வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் ஏற்க மாட்டார்கள், அது வேறு, இது வேறு. இந்தத் தாளின் ஜெர்மன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். மனப்பாடம் செய்ய வேண்டாம், போனில் எழுதிவைத்துக் காட்டினால் போதும். சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் ஒரு சான்று தருவார்கள். சில பேங்குகள் அதைப் பார்த்துத்தான் கணக்கு திறக்கும். விசாவுக்காகத் திறந்த பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) நீங்கள் போட்டு வைத்த 11,904 யூரோ மாதம் 992-ஆக வெளியே வருவதற்கு இங்கே ஒரு நடப்புக் கணக்கு இருந்தாக வேண்டும். கார்டு ஒரு கடிதத்தில் வரும், அதன் PIN நம்பர் வேறொரு நாள் வேறொரு கடிதத்தில் வரும். வருமான வரி எண், 11 இலக்கம், அதுவும் தபாலில்தான் வரும். பகுதிநேர வேலைக்குச் சேரும்போது முதலில் கேட்பது அதைத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனி போட்டோ கேட்டு எழுதும், அட்டை பிறகு வரும்.

ஆக, முதல் வாரத்தில் உங்களுக்கு உண்மையான வேலை ஒன்றே ஒன்று. முகவரியைப் பதியுங்கள், அதற்கான அப்பாயின்மென்ட்டை இப்போதே, அங்கிருந்தபடியே ஆன்லைனில் தேடுங்கள். அக்டோபரில் ஊர் முழுக்க மாணவர்கள் வந்து இறங்குவதால் இடம் சீக்கிரம் நிரம்பும். இரண்டு வாரம் தாண்டித்தான் இடம் இருக்கிறது என்றால் பதறாதீர்கள், அப்பாயின்மென்ட் எடுத்த மின்னஞ்சலை வைத்திருங்கள்.

செப்டம்பர் 15, கொஞ்ச நேரம் கழித்து

பணம் பற்றி எழுத விட்டுப்போனது. 992 என்பது மாதாந்திர வரம்பு, அவசரம் என்று கூடுதலாக எடுக்க முடியாது. ஆனால் முதல் மாதச் செலவு இந்த வரம்பை மதிக்காது: வாடகை, முன்பணம் (சட்டப்படி மூன்று மாத வாடகை வரை கேட்கலாம்), போர்வை, பாத்திரம். அந்த முதல் 992-ம் உடனே வராது. ஆகவே பிளாக்டு அக்கவுன்ட்டை நம்பாமல் முதல் ஆறு வாரத்தைத் தாங்குகிற அளவு வேறு வழியில் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் நோட்டாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், சர்வதேச கார்டு ஒன்றும் கொஞ்சம் ரொக்கமும் போதும். சின்னக் கடைகள் சிலவற்றில் நம் கிரெடிட் கார்டைக் காட்டினால் தலையை ஆட்டிவிட்டு ரொக்கம் கேட்பார்கள்.

செப்டம்பர் 18

தபால், தபால் என்று எழுதிவிட்டேன், தபால் பெட்டியைப் பற்றி எழுதவில்லை. அதுதான் கதையே.

ஜெர்மன் முகவரியில் பொதுவாக ஃபிளாட் நம்பர் கிடையாது. தெரு, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். ஒரே வாசலில் இருபது குடும்பம் இருந்தாலும் தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை. பெயர் இல்லையா, கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். போஸ்ட்மேன் வாசலில் நின்று கூப்பிட்டு விசாரித்துக் கொடுக்கும் பேச்சே இல்லை.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி, சிலருக்கு இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள். பேங்க் உங்கள் அப்பா பெயருக்குக் கடிதம் எழுதும். இன்ஷூரன்ஸ் உங்கள் பெயருக்கு எழுதும். நகராட்சி இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதும். எங்கள் கட்டடத்தில் ஒரு பையன் தன் பெயரை மட்டும் ஒட்டியிருந்தான். அவன் அப்பா பெயருக்கு வந்த கார்டு "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று திரும்பிப் போயிருக்கிறது. அவர் இங்கே இல்லைதான், ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருப்பார்.

பாஸ்போர்ட்டில் உள்ள எல்லாப் பெயரையும், முழுதாக, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். நான் செல்லோ டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டினேன். ஹவுஸ்மைஸ்டர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மறுநாள் அதைக் கிழித்துவிட்டு, மற்றப் பெயர்கள் இருக்கும் அதே அளவு எழுத்தில், அதே வெள்ளைப் பட்டையில் அச்சடித்துத் தானே செருகிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் அந்தப் பட்டையை அவரிடமே கேட்டு வாங்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

யாராவது நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்குகிறீர்கள் என்றால், முகவரி எழுதும்போது உங்கள் பெயருக்குக் கீழே "c/o" என்று போட்டு பெட்டியில் இருக்கும் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். அது இங்கே வழக்கம்தான்.

பெயரை எந்த வரிசையில் எங்கே எழுதுவது என்ற குழப்பம் வந்தால், விசா ஸ்டிக்கரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். "இதுதான் சரியான வரிசை" என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கப் போனால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒரு புதுப் பெயர் பிறக்கும்.

செப்டம்பர் 19

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாற்பது எடுத்துக்கொண்டு வரச் சொல்லி யாரோ அறிவுரை தந்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அது பழைய அறிவுரை. 2025 மே 1 முதல் குடியிருப்பு அனுமதி அட்டைக்கு டிஜிட்டல் போட்டோதான். அலுவலகத்திலேயே எடுக்கலாம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோ எடுத்து நேரடியாக அனுப்பும். தாள் போட்டோ ஒரு நாலைந்து போதும். மிச்ச இடத்தில் ஒரு நல்ல கத்தியை வையுங்கள், கேபின் பையில் அல்ல.

செப்டம்பர் 23

இன்ஷூரன்ஸ் பற்றி நீளமாகக் கேட்டிருக்கிறீர்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 30 வயதுக்குள் இருந்தால் அரசுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம், மாதம் 140 யூரோவை ஒட்டி வரும். உங்களுக்குக் காப்பீடு இருக்கிறது என்று பல்கலைக்குப் போக வேண்டிய உறுதியை அவர்களே மின்னணு முறையில் அனுப்பிவிடுவார்கள். மலிவு என்று தனியார் காப்பீட்டுக்குப் போய், அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கடிதம் வாங்கிவிட்டால், படிப்பு முடியும் வரை மாணவராக அரசுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. மாதம் சில பத்து யூரோ மிச்சம் பிடிக்கப் போய் அப்படிப் பூட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஏஜென்ட் சொல்கிறார் என்று ஊரிலிருந்தே கையெழுத்துப் போடாதீர்கள். விசாவுக்கு எடுத்த பயணக் காப்பீடு இடைப்பட்ட நாள்களுக்கு மட்டும்.

செப்டம்பர் 30

நாளை இறங்குகிறீர்கள் என்று அறிந்தேன். நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: அக்டோபர் 3 வெள்ளி, ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள். கடைகள் மூடியிருக்கும். சனி திறந்திருக்கும், ஞாயிறு மறுபடி மூடல். எனவே 2-ஆம் தேதி வியாழன் மாலை சூப்பர் மார்க்கெட்டில் ஊரே நிற்கும், பால் அலமாரி துடைத்து வைத்தாற்போல் இருக்கும். முடிந்தால் புதன்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவசரம் என்றால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை திறந்திருக்கும், விலை சற்று உறைக்கும்.

ரூமில் கட்டில், மெத்தை, மேசை, அலமாரி இருக்கலாம். தலையணை, போர்வை பெரும்பாலும் இருக்காது. முதல் இரவு ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்காதவர் இங்கே அபூர்வம்.

சாவியைத் தொலைக்காதீர்கள். ஒரே சாவி வெளி வாசலையும் திறக்கும் அமைப்பு என்றால், தொலைத்தவர் தலையில் பல பூட்டுகளின் செலவு விழலாம். கதவும் அப்படித்தான், சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போகும்போதும் சாவி பாக்கெட்டில் இருக்கட்டும். ஞாயிறு இரவு பூட்டுத் திறக்க ஆளைக் கூப்பிட்டால் அந்த மாதச் சாப்பாட்டுச் செலவு அவருக்குப் போய்விடும்.

அக்டோபர் 5

ஹீட்டர். "5-ல் வைத்தும் ரூம் உடனே சூடாகவில்லை" என்கிறீர்கள். அந்த எண் வேகத்தைக் குறிப்பதல்ல, எந்த வெப்பத்தில் நிற்க வேண்டும் என்பதை. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, அடுப்பு மாதிரி ஆகும்வரை நிற்காது, அவ்வளவுதான். நட்சத்திரம் போன்ற பனிக் குறி குழாய் உறையாமல் இருப்பதற்கு.

ஜன்னல்தான் இதைவிட முக்கியம். கைப்பிடியைக் கீழே, பக்கவாட்டில், மேலே என்று திருப்பினால் மூன்று வேலை செய்யும்: பூட்டு, முழுத் திறப்பு, மேல்பக்கம் மட்டும் சாய்ந்த திறப்பு. நம்மவர்கள் சாய்த்துவிட்டு நாள் முழுக்க அப்படியே விடுவார்கள். சுவர் குளிர்ந்து, ஈரம் படிந்து, டிசம்பரில் ஜன்னல் ஓரம் கறுப்புப் பூஞ்சை. ஹீட்டரை அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் முழுசாகத் திறந்து, பிறகு மூடுங்கள், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. துணியை ரூமில் காயப்போட்டால், சோறு வடித்தால், இன்னொரு தடவை. குளிருமே என்று சொல்வீர்கள். குளிரும்தான். வாடகை ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வைக்கிற ஊர் இது, பூஞ்சைக்குக் காரணம் குடியிருந்தவர் என்று ஆகிவிட்டால் முன்பணத்தில் கை வைப்பார்கள்.

தாளிப்பதற்கு முன்னால் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்கள். தாழ்வாரத்தில் இருக்கும் புகை உணர்கருவிக்குக் கடுகும் தீவிபத்தும் ஒன்றுதான்.

அக்டோபர் 6

காலி பாட்டில்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். தூக்கிப் போடாதீர்கள், காசு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்கூட்டியே வாங்கியிருப்பார்கள், கடை வாசலில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், பில் போடுமிடத்தில் கழித்துக்கொள்ளலாம். நசுக்கினால் பார்கோடைப் படிக்காது. பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். உங்களுக்கு எதற்கு அது என்று நான் கேட்கவில்லை. ஜாம் புட்டி போன்ற மற்றக் கண்ணாடியைத் தெருவில் இருக்கும் தொட்டியில் நிறம் பார்த்துப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம்.

அக்டோபர் 9

வளாகம். முதல்முறை பார்க்கும்போது எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: இவ்வளவு கான்கிரீட்டா? 1965-ல் திறந்த பல்கலை, துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் கப்பல்கள் மாதிரி கட்டடங்கள் என்பது வடிவமைத்தவர்கள் எண்ணம். அந்தக் கப்பல்களுக்குப் பெயர் இரண்டு எழுத்து: பொறியியல் என்றால் I, இயற்கை அறிவியல் N, மருத்துவம் M, கலைப்புலம் G, அதோடு A, B, C, D.

வழிதவறுவது கட்டடத்தில் அல்ல, மாடியில். வளாகம் சரிவில் இருக்கிறது. வாசல் தளம் 0. மேலே 1, 2, 3. கீழே 01, 02, 03. ஆக "3" என்பதற்கும் "03" என்பதற்கும் நடுவே ஆறு மாடி. 03 பூமிக்கு அடியில் இருக்கும் என்று நினைப்பீர்கள், அங்கேயும் ஜன்னலில் வெயில் அடிக்கும், சரிவு அல்லவா. போன அக்டோபரில் ஒரு செமினாருக்கு வந்த பாதிப்பேர் மேலே மூன்றாம் மாடியில் பூட்டிய கதவுக்கு முன்னால் வட்டமாக நின்று, ஒருவருக்கொருவர் அறிமுகமாகி, வாட்ஸ்அப் குழுவும் தொடங்கிவிட்டார்கள். பேராசிரியர் கீழே காலி ரூமில் காத்திருந்தார். அந்தக் குழு இன்றும் உயிரோடு இருக்கிறது.

நேரம். அட்டவணையில் 10 c.t. என்று இருந்தால் வகுப்பு 10.15-க்கு. s.t. என்றால் சரியாக 10-க்கு. எதுவும் போடாமல் 10 முதல் 12 என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 10.15. முதல் வகுப்புக்கு மட்டும் 10-க்கே போய் உட்காருங்கள், இடமும் கிடைக்கும்.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். வகுப்புக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. செமஸ்டர் முழுக்க வந்து, வீட்டுப்பாடமெல்லாம் கொடுத்துவிட்டு, தேர்வுப் பதிவைத் தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது. யாரும் நினைவூட்ட மாட்டார்கள், ஹெச்.ஓ.டி. கூப்பிட்டுக் கேட்க மாட்டார். உங்கள் துறையில் கடைசித் தேதி என்ன என்று இந்த வாரமே பார்த்து போனில் அலாரம் வையுங்கள். துறை மாணவர் மன்றம், ஃபாக்ஷாஃப்ட், காபி போட்டுக்கொண்டு ஒரு ரூமில் உட்கார்ந்திருக்கும். தேர்வு விதிகளில் அலுவலகம் சொல்லாத நுணுக்கமெல்லாம் அவர்களிடம் கிடைக்கும். பழைய வினாத்தாளும்.

அக்டோபர் 14

எப்படி இருந்தது முதல் நாள்? வளாகத்துக்குப் போகும் U35 ரயிலில் ஏற முடிந்ததா? ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டும் அக்டோபரில் அதில் கால் வைக்க இடம் இருக்காது. நவம்பர் கடைசியில் தானாகக் குறையும். ஏன் குறைகிறது என்பதை யாரும் ஆராய விரும்புவதில்லை.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையைத் தட்டியதைக் கேட்டுக் கலவரம் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கைத்தட்டல்தான், விரல் முட்டியால் தட்டுகிறார்கள். நீங்களும் தட்டலாம்.

பயணச் சீட்டு: செமஸ்டர் கட்டணத்திலேயே ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாணவர் சீட்டு சேர்ந்திருக்கிறது, போனில் தெரிவது. சாதாரண மக்களுக்கு அது 2025-ல் மாதம் 58 யூரோ, நமக்கு அதில் 60 விழுக்காடு, 34.80. உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும், அதிவேக ICE-இல் செல்லாது. பரிசோதகர் வரும்போது போனில் சார்ஜ் இல்லை என்று சொன்னால் சீட்டு இல்லை என்றுதான் அர்த்தம். பவர் பேங்க் வாங்குங்கள்.

(2026 ஜனவரியிலிருந்து மக்கள் சீட்டு 63 ஆகிறது. அதை ஒட்டி அடுத்த செமஸ்டரில் நம் பங்கும் ஏறும்.)

அக்டோபர் 17

இடையில் ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: "விசாவே அக்டோபர் 10-க்குத்தான் வந்தது, நீங்கள் 1-ஆம் தேதி வா என்று பாடம் எடுத்தால் நான் என்ன செய்வது?" நியாயம்தான். மேலே நான் எழுதியது விசா கையில் இருந்தும் தள்ளிப்போட நினைத்தவருக்கு. உங்கள் விஷயம் வேறு. சர்வதேச அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, தாமதமாகச் சேர்வதற்கு எதுவரை அனுமதி என்று எழுத்தில் வாங்குங்கள். வகுப்புப் பாடங்கள் இணையத்தில் ஏறியிருக்கும், முதல் இரண்டு வாரம் போனால் குடி முழுகாது. ஆய்வகப் பயிற்சியிலும் செமினாரிலும் வருகை கட்டாயமாக இருக்கலாம், அதன் பொறுப்பாளருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். யோசித்துப் பார்த்தால், சீக்கிரம் வந்தும் சாவிக்கு ஏற்பாடு செய்யாதவரைவிட, தாமதமாக வந்தாலும் சாவி, தாள், அப்பாயின்மென்ட் மூன்றையும் முன்பே பேசி வைத்தவர் சீக்கிரம் நிலைகொண்டுவிடுகிறார். தேதியை நான் முதலில் கொஞ்சம் அழுத்தியே எழுதிவிட்டேன் போல.

அக்டோபர் 22

வீட்டு நினைவு வாட்டுகிறது என்று நேற்று இரவு நீங்கள் தனியாக எழுதியதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன், பெயர் சொல்லவில்லை, பலருக்கும் இதே நிலைதான்.

முதல் வாரம் யாருக்கும் வீட்டு நினைவு அவ்வளவாக வராது. வேலை இருக்கும். வரிசையில் நிற்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பக்கெட் வாங்க வேண்டும். வகுப்பு தொடங்கி ஒரு வாரம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செய்ய எதுவுமே இல்லாமல் ரூமில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது வந்து நிற்கும். கடை கிடையாது, தெருவில் ஆள் கிடையாது, வெளியே மூன்று நாளாக ஒரே தூறல். வீட்டுக்கு போன் போட்டால் "சாப்பிட்டியா" என்று கேட்பார்கள், சாப்பிட்டேன் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே இருட்டிவிடும்.

எனக்கு என்ன உதவியது என்று கேட்டீர்கள். சமையலறை. எட்டுப் பேருக்குப் பொதுவான சமையலறை, ஃபிரிட்ஜ் கதவில் யார் எந்த வாரம் துடைக்க வேண்டும் என்ற அட்டவணை. அதில் என் பெயரை யாரோ தப்பாக எழுதியிருந்தார்கள், நான் திருத்தவே இல்லை, மூன்றாவது செமஸ்டரிலும் அந்த வாரங்களில் நான் வேறொருத்திதான். நான் எல்லாரும் தூங்கிய பிறகு போய்ச் சமைப்பேன், வாசனை குறை சொல்வார்களோ என்று. ஒருநாள் அடுத்த அறைப் பெண் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து "வெங்காயம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் சம்பவம். அதற்குப் பிறகு நான் ஏழு மணிக்கே சமைக்கத் தொடங்கினேன்.

இங்கே பலர் தாமாக வந்து பேச மாட்டார்கள், அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே இருந்தால் ஒருநாள் பேசுவார்கள். பல்கலை விளையாட்டு வகுப்புகள் இதற்குச் சரியான இடம்: வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே முகங்கள், கட்டணமும் குறைவு. பதிவு திறந்த சில நிமிடங்களில் நிரம்பும் என்பதால் நேரம் பார்த்து உட்காருங்கள்.

நம் ஆட்களோடு மட்டும் தங்குவதா, கலந்து தங்குவதா என்ற பழைய சண்டையை யாரோ மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. நம் ஆட்களோடு இருந்தால் முதல் மாதம் சுலபம், ஜெர்மன் பேச்சு வராது. கலந்து இருந்தால் தலைகீழ். ஆனால் வாடகைக்கு ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் ஊரில் இதைத் தத்துவமாகப் பேசுவதுதான் வேடிக்கை. கிடைத்ததில் இருங்கள்.

சமாளிக்க முடியாத அளவுக்கு இருந்தால், ஸ்டூடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பிலும் பல்கலையிலும் மாணவர்களுக்கு இலவச உளவியல் ஆலோசனை உண்டு, ஆங்கிலத்தில் பேசுவோரும் இருப்பார்கள். அங்கே போனால் விசாவில் பிரச்சினை வரும் என்று சிலர் சொல்வது சுத்த வதந்தி.

அக்டோபர் 26

இன்று அதிகாலை மூன்று மணி இரண்டு மணி ஆகிவிட்டது. போன் தானாக மாற்றிக்கொண்டிருக்கும், சுவர்க் கடிகாரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும். இந்தியாவுக்கும் நமக்கும் இனி நாலரை மணி நேர வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிறு வரை அப்படித்தான். இனி ஐந்தரைக்கெல்லாம் இருட்டும், வீட்டில் பயமுறுத்தாமல் முன்பே சொல்லி வையுங்கள், வீடியோ அழைப்பில் பின்னால் கருப்பாக இருந்தால் "இன்னும் ஏன் வெளியே சுத்திட்டிருக்கே" என்று கேட்பார்கள்.

நவம்பர் 1 சனி, இந்த மாநிலத்தில் விடுமுறை. மறுநாள் ஞாயிறு. வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். இதையே நான் மாதாமாதம் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

நவம்பர் 4

ஆக, ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் உங்களுக்கும் வந்துவிட்டது. "நான் டிவியே வைத்திருக்கவில்லை, ஏன் காசு கேட்கிறார்கள், இது மோசடியா?" மோசடி இல்லை. முகவரியைப் பதிந்த எல்லாருக்கும் வரும், நகராட்சியிலிருந்து தகவல் தானாகப் போகிறது. பொது ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. 2013 முதல் டிவி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு.

"வீட்டுக்கு" என்பதைக் கவனியுங்கள், ஆளுக்கு அல்ல. நால்வர் சேர்ந்து ஒரே ஃபிளாட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். விடுதியில், பொதுத் தாழ்வாரத்திலிருந்து நேரே திறக்கும் தனி ரூம் என்றால் அதுவே ஒரு வீடு, நீங்களே கட்ட வேண்டும். தனி வாசலுள்ள ஃபிளாட்டுக்குள் உங்கள் ரூம் இருக்கிறது என்றால் பங்கு போடலாம். நீங்கள் அனுப்பிய ரூம் படத்தைப் பார்த்தால் இரண்டாவது வகை மாதிரிதான் தெரிகிறது. ஏற்கெனவே இருக்கும் பையன் கட்டிக்கொண்டிருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டுகிறார் என்றால் எண்ணை வாங்கி இணையத்திலேயே பதில் போடுங்கள், பங்கை அவர் கையில் கொடுங்கள். பதிலே போடாமல் விடாதீர்கள், அடுத்த கடிதங்களில் தொகை ஏறிக்கொண்டே வரும்.

வேலை பற்றிய உங்கள் கடைசிக் கேள்வி: வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். 120 என்று பழைய பக்கங்களில் இருக்கும், 2024 மார்ச்சில் மாறிவிட்டது. வரி எண் கடிதம் வந்துவிட்டதென்றால் விண்ணப்பிக்கலாம்.

விசா ஸ்டிக்கரில் முடியும் தேதியையும் இன்றைக்கே பாருங்கள். அது முடிவதற்கு முன்னால் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும், அட்டை கையில் வராவிட்டாலும் பரவாயில்லை, இடைக்காலத்துக்கு ஒரு தாள் தருவார்கள். விண்ணப்பம் அனுப்பியதற்கான மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள்.